மலையகக் குளிருக்கு எந்த ஷவர்?

கொழும்பில் வேலை செய்யும் பிள்ளை, "எங்க வீட்டுல இதுதான் இருக்கு, சுடுதண்ணி சும்மா கொட்டுது" என்று சொல்லி, தாங்கி இல்லாமல் தண்ணீர் ஓடும்போதே மின்சாரத்தில் சூடாக்கும் இன்ஸ்டன்ட் ஷவர் ஒன்றை வாங்கி ஊருக்கு அனுப்பும். இங்கே நானுஓயாவிலோ இராகலையிலோ அதைச் சுவரில் பூட்டி, விடியற்காலையில் திறந்து பார்த்தால் தண்ணீர் கொட்டத்தான் செய்யும், சூடு இருக்காது. சூடு வரட்டும் என்று குழாயைக் குறைத்தால் சூடு வரும், தண்ணீர் நின்றுவிடும். "டூப்ளிகேட் சாமானைத் தலையில கட்டிட்டானுங்க" என்று கடைக்காரனுக்குத் திட்டு விழும். பெரும்பாலும் கடைக்காரன்மேல் பிழை இல்லை. அந்த ஷவர் கொழும்பில் செய்த அதே வேலையைத்தான் இங்கேயும் செய்கிறது. உள்ளே போகும் தண்ணீர்தான் வேறு.

இதைப் புரிந்துகொள்ள ஒரேயொரு கணக்குப் போதும். ஒரு கிலோவாட் மின்சாரம், நிமிடத்துக்கு ஒரு லீட்டர் வீதம் ஓடும் தண்ணீரைச் சுமார் 14 பாகை செல்சியஸ் சூடாக்கும். எந்தக் கம்பெனி, எந்த நாட்டுத் தயாரிப்பு, என்ன விலை என்பதெல்லாம் இந்தக் கணக்கை அசைக்காது. உடம்புக்கு இதமான குளியல் சூடு 38 பாகை என்று வைத்துக்கொள்ளுங்கள். கொழும்பில் குழாய்த் தண்ணீரே 27 பாகை அளவில் இருக்கும், 11 பாகை ஏற்றினால் வேலை முடிந்தது. 3.5 கிலோவாட் ஷவர் அங்கே நிமிடத்துக்கு நாலரை லீட்டர் தரும். அது சுகமான குளியல். நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,870 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, ஆண்டுச் சராசரி வெப்பநிலையே 16 பாகைக்குப் பக்கம்தான். தை, மாசியில் புல்லின்மேல் உறைபனி விழும் விடியல்களில், இரவெல்லாம் குளிர்ந்து கிடந்த தாங்கித் தண்ணீர் இன்னும் கீழே போய்விடும். 15 பாகை என்றே எடுத்துக்கொண்டாலும் 23 பாகை ஏற்ற வேண்டும். அதே 3.5 கிலோவாட் ஷவர் இங்கே தருவது நிமிடத்துக்கு இரண்டு லீட்டர் சொச்சம். தலையை நனைத்தால் தோள் காயும், தோளை நனைத்தால் தலை குளிரும்.

அப்படியானால் பெரிய ஷவராக வாங்கலாமே? 4.5 கிலோவாட் என்றால் நுவரெலியாவில் நிமிடத்துக்கு 2.8 லீட்டர். 5.5 என்றால் 3.4. சமாளிக்கலாம், ஆனாலும் கொழும்புச் சுகம் வராது. இங்கிலாந்தில் 9, 10 கிலோவாட் மின்சார ஷவர் சாதாரணம், அங்கேயும் குளிர்ந்த தண்ணீர்தான். அந்த அளவு ஷவரை இங்கே சாதாரண வீட்டில் பூட்ட முடியாததற்குக் காரணம் நம் வீட்டு மீட்டரிலேயே இருக்கிறது.

நம் பக்கத்து வீடுகளுக்கு மின்சார சபை கொடுப்பது பெரும்பாலும் ஒற்றைக் கட்ட (சிங்கிள் பேஸ்) இணைப்பு, 15 அம்பியர் அல்லது 30 அம்பியர். 230 வோல்டில் 30 அம்பியர் என்றால் வீடு முழுவதற்கும் சேர்த்து 6.9 கிலோவாட். 4.5 கிலோவாட் ஷவர் ஒன்றே 20 அம்பியர் எடுத்துக்கொள்ளும். அந்த நேரம் அடுப்படியில் யாராவது கேத்தலைப் போட்டால் இன்னொரு 9 அம்பியர். அதோடு ரைஸ் குக்கரும் சேர்ந்தால், தலையில் சோப்பு நுரையோடு இருட்டில் நிற்க வேண்டியதுதான். 15 அம்பியர் இணைப்பு உள்ள வீட்டில் மொத்தமே 3.45 கிலோவாட், அங்கே மிகச் சிறிய இன்ஸ்டன்ட் ஷவருக்குக்கூட இடமில்லை. ஆகவே கடைக்குப் போகும் முன் மீட்டர்ப் பெட்டியைத் திறந்து, மெயின் பிரேக்கரில் என்ன எண் எழுதியிருக்கிறது என்று பாருங்கள். பாதி முடிவு அங்கேயே தெரிந்துவிடும்.

இன்னொரு சங்கதி, இதை எந்தக் கடையிலும் சொல்ல மாட்டார்கள். தோட்டப்புறங்களில் ட்ரான்ஸ்போமரிலிருந்து நீண்ட தூரம் இழுத்த லைனின் கடைசி வீடுகளில், மாலை ஆறரைக்கு எல்லா வீட்டிலும் விளக்கு எரியத் தொடங்கியதும் வோல்டேஜ் இறங்கும். பல்பு மங்குவதைப் பார்த்தே நமக்குத் தெரியும். வோல்டேஜ் கொஞ்சம் இறங்கினால் சூடும் கொஞ்சம்தான் இறங்கும் என்று நினைத்துவிடாதீர்கள். 230 வோல்ட் 200 ஆகும்போது சூடாக்கும் சக்தி கிட்டத்தட்ட நாலில் ஒரு பங்கு போய்விடும். அட்டையில் 4.5 என்று எழுதிய ஷவர் அந்த நேரம் 3.4 கிலோவாட் ஷவர்தான். வேலை முடிந்து வந்து மாலையில் குளிப்பவர்கள் இதை மறக்கக் கூடாது.

இதனால்தான் நுவரெலியா, கந்தப்பளை, இராகலை, பட்டிப்பளை, நானுஓயா போன்ற உயரங்களில் இருப்பவர்களுக்குத் தாங்கி வைத்த கீசரையே சொல்வேன். கீசருக்கு அவசரமில்லை. 2 கிலோவாட் கொயிலை வைத்துக்கொண்டு மெதுவாகச் சூடாக்கிச் சேர்த்து வைக்கும், நாம் கேட்கும்போது மொத்தமாகத் தரும். 9 அம்பியர்தான் எடுக்கும் என்பதால் 30 அம்பியர் வீட்டில் கேத்தலோடு சண்டை வராது. வோல்டேஜ் இறங்கினாலும் சூடாக இன்னும் கொஞ்ச நேரம் எடுக்குமே தவிர, கடைசியில் அதே சூட்டுக்கு வந்துவிடும். 30 லீட்டர் தண்ணீரை 15 பாகையிலிருந்து 60 பாகைக்குக் கொண்டுவர முக்கால் மணி நேரம் பிடிக்கும். அதைப் பச்சைத் தண்ணீரோடு கலந்தால் கணக்குப்படி 38 பாகையில் சுமார் 59 லீட்டர் வரும். நாம் எடுக்க எடுக்க உள்ளே பச்சைத் தண்ணீர் போவதால் 50 என்று வைத்துக்கொள்ளலாம். நிமிடத்துக்கு 5 லீட்டர் வீதம் பத்து நிமிடக் குளியல், அதுவும் தலையும் தோளும் ஒன்றாக நனையும் குளியல். சிக்கனமாகக் குளித்தால் இரண்டு பேருக்கு ஆகும். மூன்றாவது ஆள் அரை மணி நேரமாவது காத்திருக்க வேண்டும். பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் மூன்று நான்கு பேர் உள்ள வீட்டில் காலை ஆறு மணிக்கு இது சிறு கலவரமாகும். அங்கே 50 லீட்டர் எடுக்கலாம், அல்லது பாதிப் பேர் மாலையில் குளிக்கலாம்.

15 லீட்டர் கீசர் விலை குறைவு என்று பலர் எடுக்கிறார்கள். நுவரெலியாவில் அது ஒரு ஆளுக்கு மட்டும். சூடான 15 லீட்டர், கலந்தால் 30 லீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. வாளியில் பிடித்துக் குளிப்பவர்களுக்கு அது போதும். உண்மையில் நம் வீடுகளில் பாதிப் பேர் ஷவர் இருந்தாலும் வாளியிலும் கோப்பையிலும்தான் குளிக்கிறார்கள், அதில் வெட்கப்பட எதுவும் இல்லை. 20 லீட்டர் வாளி ஒன்றில் ஒரு குளியல் முடியும். ஷவரைத் திறந்துவிட்டுப் பாட்டுப் பாடினால் 50 லீட்டர் போவதே தெரியாது.

கீசரில் பார்க்க வேண்டியவை சில. 30 லீட்டர் கீசர் தண்ணீரோடு சேர்ந்து 40 கிலோவைத் தாண்டும். மெல்லிய பொள்ளுக் கற்சுவரில் இரண்டு ரோல் பிளக்கை அடித்துத் தொங்கவிட்டால் ஒருநாள் சுவரோடு வரும். சுவரைத் துளைத்து மறுபக்கம் தகடு வைத்து போல்ட் போடச் சொல்லுங்கள். கீசருடன் வரும் சேஃப்டி வால்வை, "தண்ணி சொட்டுது" என்று யாராவது அடைக்க வந்தால் விடாதீர்கள். உள்ளே அழுத்தம் ஏறினால் வெளியேற இருக்கும் ஒரே வழி அதுதான். அப்புறம், சுவிட்சை நாள் முழுக்கப் போட்டு வைக்க வேண்டாம். கீசர் ஒரு பெரிய தேர்மோஸ் போத்தல், அதுவும் கொஞ்சம் ஆறும் போத்தல். குளிப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பு போட்டு, குளிக்கும்போது நிறுத்துவதே நல்லது. ஒரு விஷயத்தில் மலைக்கு அதிர்ஷ்டம்: யாழ்ப்பாணத்தில் சுண்ணக்கல் தண்ணீரால் கொயிலில் வெள்ளை வெள்ளையாகப் படிந்து கீசர் கெடும். நம் ஊற்றுத் தண்ணீர் மென்மையானது, அந்தத் தொல்லை கிடையாது.

சரி, பில்? "இன்ஸ்டன்ட்தான் கரண்டைத் தின்னும், கீசர் பரவாயில்லை" என்பார்கள். இன்னொருவர் அப்படியே தலைகீழாகச் சொல்வார். தண்ணீரைச் சூடாக்கத் தேவையான மின்சாரம் இரண்டிலும் ஒன்றுதான். 20 லீட்டர் தண்ணீரை 15 பாகையிலிருந்து 38 பாகைக்குக் கொண்டுபோக அரை யூனிட்டுக்குச் சற்று மேல். நாலு பேர் தினமும் ஒரு வாளி குளித்தால் மாதம் சுமார் 64 யூனிட். இதுவே பதுளையில் தண்ணீர் 23 பாகையில் இருப்பதால் 42 யூனிட்டோடு முடியும். கீசரில் ஆறிப்போகும் சூடு மட்டும்தான் கூடுதல் செலவு. கட்டண விகிதங்கள் அடிக்கடி மாறுவதால் ரூபாய்க் கணக்கை இங்கே எழுதவில்லை. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள்: மாதம் 60 யூனிட்டுக்குள் நிற்கும் வீட்டுக்கு ஒரு கட்டணப் பட்டியல், தாண்டிய வீட்டுக்கு வேறு பட்டியல். இதுவரை 50 யூனிட்டில் நின்ற வீட்டில் சுடுதண்ணீர் வந்துவிட்டால் 60-ஐத் தாண்டுவது நிச்சயம். அதன்பின் பழைய 50 யூனிட்டும் புது விலையில்தான் கணக்காகும். ஷவரின் விலையை மட்டும் பார்த்து வாங்குபவர்கள் இரண்டாவது மாதம் அதிர்ச்சியடைவது இதனால்தான்.

ஹட்டன், தலவாக்கலை, பண்டாரவளை, ஹப்புத்தளைக்காரர்கள் நடுவில் நிற்கிறார்கள். 1,200 முதல் 1,400 மீட்டர் உயரம், தண்ணீர் 18, 20 பாகை. 30 அம்பியர் இணைப்பும் நல்ல வோல்டேஜும் இருந்தால் 5.5 கிலோவாட் இன்ஸ்டன்ட் ஷவர் நிமிடத்துக்கு நாலு லீட்டரை ஒட்டித் தரும், அது போதும். காத்திருக்கத் தேவையில்லை, எத்தனை பேர் வரிசையில் நின்றாலும் சூடு தீராது, சுவரில் பாரம் இல்லை, விலையும் கீசரைவிடக் குறைவு. மாலையில் பல்பு மங்கும் வீடாக இருந்தால் அங்கேயும் கீசர்தான். பதுளை, பசறை, கண்டிப் பக்கம் இருப்பவர்கள் இவ்வளவு யோசிக்கவே வேண்டாம். 3.5 அல்லது 4.5 கிலோவாட் இன்ஸ்டன்ட் ஒன்றை வாங்கிப் பூட்டிவிட்டு வேறு வேலையைப் பார்க்கலாம்.

இன்ஸ்டன்ட் எடுப்பவர்கள் தண்ணீரின் வேகத்தையும் பார்க்க வேண்டும். போதிய அழுத்தம் இல்லாவிட்டால் உள்ளே இருக்கும் சுவிட்ச் விழாது, சூடாகாது. கூரைக்கு மேல் ஒரு மீட்டர் உயரத்தில் தாங்கி வைத்திருப்பவர்களுக்குப் பம்ப் பூட்டிய மாதிரி வேண்டியிருக்கும். மேட்டில் ஊற்றுக்குப் பக்கம் தொட்டி கட்டி ஹோஸில் தண்ணீர் எடுப்பவர்களுக்கு நேரெதிர்ப் பிரச்சினை. பத்து மீட்டர் உயரத்துக்கு ஒரு பார் வீதம் அழுத்தம் ஏறும், முப்பது மீட்டர் மேலே தொட்டி இருந்தால் மூன்று பார். ஷவரின் புத்தகத்தில் எவ்வளவு தாங்கும் என்று போட்டிருக்கும், பாருங்கள். மழைக்காலத்தில் ஹோஸில் மண்ணும் இலையும் வரும், ஷவருக்கு முன்னால் சிறு வடிகட்டி இல்லாவிட்டால் அதன் வாயெல்லாம் அடைத்துக்கொள்ளும்.

வயரிங்கில் மட்டும் காசு பார்க்கக் கூடாது. 13 அம்பியர் ப்ளக் தாங்குவது 3 கிலோவாட் வரைதான். இன்ஸ்டன்ட் ஷவரை ப்ளக்கில் சொருகினால் ப்ளக் உருகும், சில வீடுகளில் சுவர் கறுத்திருப்பதை நீங்களே பார்த்திருப்பீர்கள். மெயின் பெட்டியிலிருந்து தனி லைன், தனி பிரேக்கர். 4.5 கிலோவாட்டுக்கு 4 சதுர மில்லிமீட்டர் செப்பு வயர், 5.5-க்கு 6. இரண்டு கம்பியையும் ஒன்றாகத் துண்டிக்கும் சுவிட்ச், குளியலறைக்கு வெளியே. எல்லாவற்றுக்கும் மேலாக எர்த்தும் 30 மில்லி அம்பியர் ட்ரிப் சுவிட்சும். நம் மலை மண்ணில் இரண்டடி தோண்டினால் கல் வரும், எர்த் கம்பி முழு ஆழத்துக்கு இறங்காது. வயரிங் பாஸ் பாதியை அறுத்துவிட்டு மண்ணை மூடிவிட்டுப் போவதும் உண்டு. அந்த வீட்டில் உயிரைக் காப்பது ட்ரிப் சுவிட்ச் ஒன்றே. அதிலுள்ள டெஸ்ட் பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்துங்கள், உடனே விழ வேண்டும். விழாவிட்டால் மாற்றும்வரை ஷவரைத் தொட வேண்டாம். சித்திரையிலும் ஐப்பசி கார்த்திகையிலும் பிற்பகலில் இடி முழங்கும்போது மின்சார ஷவரில் குளிக்கவே கூடாது. இது அப்பாயி காலத்துப் பயம் என்று சிரிக்க வேண்டாம், மின்னல் லைன் வழியாகவும் குழாய் வழியாகவும் வீட்டுக்குள் வரும்.

சூரிய சுடுநீர்த் தாங்கியைப் பற்றிக் கேட்பவர்களுக்கு என் பதில், நீங்கள் மலையின் எந்தப் பக்கம் இருக்கிறீர்கள் என்பதுதான். வைகாசி தொடங்கி ஆவணிவரை ஹட்டன், மஸ்கெலியா, தலவாக்கலைப் பக்கம் தென்மேல் பருவ மழையும் பனிமூட்டமும். சூரியனைப் பார்ப்பதே அபூர்வம், கீசரில் உள்ளது போன்ற கொயில்தான் அப்போது வேலை செய்யும். அதே மாதங்களில் மலைக்கு மறுபுறம் வெலிமடை, பண்டாரவளை, பதுளையில் கச்சான் காற்றும் நல்ல வெயிலும். ஊவாப் பக்கம் சொந்த வீடு, உறுதியான கூரை, கையில் காசு இருந்தால் சூரியத் தாங்கி நல்ல முதலீடு. விலை கீசரைப்போல் பல மடங்கு. மேற்குப் பக்கத்தில் நான் வாங்க மாட்டேன்.

கேஸ் கீசர் கணக்கில் எல்லாவற்றையும் வென்றுவிடும். 6 லீட்டர் மாதிரி நிமிடத்துக்கு ஆறு லீட்டரை 25 பாகை ஏற்றும், நுவரெலியாவில்கூட கொழும்புச் சுகம். பற்றவைக்க இரண்டு பேட்டரி போதும், கரண்ட் தேவையில்லை. 2022-இல் ஒரு நாளில் 13 மணி நேரம்வரை கரண்ட் வெட்டியபோது அது பெரிய வரம் என்று தோன்றியிருக்கும், ஆனால் அதே வருடம் சிலிண்டருக்கு ஊரே வரிசையில் நின்றதும் நினைவிருக்கும். வரிசையைவிடப் பெரிய பயம் காபன் மொனொக்சைட்டு. குளிருக்குப் பயந்து ஜன்னலை அடைத்து, கதவிடுக்கில் துணி வைக்கும் நம் குளியலறைக்குள் கேஸ் கீசரைப் பூட்டினால், மணமும் நிறமும் இல்லாத அந்த வாயு ஆளைக் கொன்றுவிடும். வெளிச்சுவரில், மழை படாமல் பூட்ட இடமிருந்தால் மட்டும் யோசியுங்கள். உள்ளேதான் இடம் என்றால் வேண்டவே வேண்டாம்.

லயக் காம்பராவில் இருப்பவர்களுக்கு இந்தப் பட்டியலில் பாதி பொருந்தாது. இணைப்பு சிறியது, வயரிங் பழையது, குளிப்பதும் பீலிக்கரையிலோ பின்பக்கத் தடுப்பிலோ. அங்கே கவ்வாத்து மிலாறை, அதாவது வெட்டிய தேயிலைக் கிளைகளை, அடுப்பில் வைத்துச் சூடாக்கும் பானைத் தண்ணீரை எந்த மெஷினும் விலையில் வெல்லாது. அடுப்பு மூட்ட நேரமில்லாதவர்களுக்கு மின்சாரக் கேத்தல் போதும். மூன்று முறை கொதிக்கவைத்தால் 5 லீட்டர், வாளியில் பச்சைத் தண்ணீரோடு கலந்தால் ஒரு ஆள் குளிக்க 17 லீட்டர். கரண்ட் அரை யூனிட்தான். வாளிக்குள் தொங்கவிடும் கொயில் ஹீட்டரை மட்டும் தயவுசெய்து வாங்காதீர்கள். சுவிட்ச் போட்டபடி இருக்கும்போது "சூடாகிருச்சா" என்று கை வைத்துப் பார்க்கும் பழக்கம் எல்லோருக்கும் உண்டு, பிள்ளைகளுக்கு இன்னும் அதிகம்.

ஏழு பேர்ச் காணியில் புதுத் தனிவீடு கட்டுபவர்கள் இப்போது ஷவர் வாங்காவிட்டாலும் பரவாயில்லை. சுவர் பூசும் முன்பே மெயின் பெட்டியிலிருந்து குளியலறைக்கு 6 சதுர மில்லிமீட்டர் வயர் ஒன்றை இழுத்து வைத்துவிடுங்கள், பிறகு சுவரை வெட்டும் கூலி மிச்சம். சுடுதண்ணீர் ஓடும் பகுதிக்குச் சாதாரண பிவிசி குழாய் போட விடாதீர்கள். கீசரிலிருந்து வரும் 60 பாகைத் தண்ணீரில் அது இளகி, மூட்டுகளில் கசியத் தொடங்கும். சுடுதண்ணீருக்கென்றே பிபிஆர், சிபிவிசி என்று கடையில் இருக்கிறது, கீசரிலிருந்து குழாய் வாய்வரை அதைத்தான் போட வேண்டும்.